கோடு போடாத வரி

அந்தச் சீட்டு என் உள்ளங்கை அகலந்தான் இருக்கும். ஒரு பக்கம் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பெயரும் அச்சடித்த கட்டங்களும். மறுபக்கம் என் கையால் பென்சிலில் போட்ட கோடுகள். நின்றபடி நான்கு, அவற்றைக் குறுக்கே வெட்டி ஐந்தாவது. இப்படியே வரி வரியாகப் போய், நடுவில் ஒரு வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. ரேஷன் கார்டைத் தேடும்போது பழைய பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து இன்று விழுந்தது. நாளை மறுநாள் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தை நிரப்ப மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது எனக்கு ரத்தம் போகிறது. மகனுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. இந்த வயதில் இதையெல்லாம் ஒருவரிடம் சொல்லிக்கொண்டு நிற்பதா என்று இருந்துவிட்டேன்.

"இதென்னங்க அத்தை, நடுவுல ஒரு வரிய உட்டுப்போட்டீங்க?" என்றாள் மருமகள், சீட்டை எட்டிப் பார்த்து.

விடவில்லை. அந்த வரியைப் பார்த்தால் எனக்கு டாக்டரம்மா நினைவு வரும். கம்பெனிக்குப் பக்கத்து ராயபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மிருக வைத்தியம் பார்த்தவர். தெற்கத்திக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கம்பெனியில் மேனேஜர் ஒருவரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. நான் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் வெள்ளைத் துணியில் கடுகளவு எண்ணெய்ப்பொட்டு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைக் கண்டால் டெய்லர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், இப்போதும் இல்லையென்று சொல்லமாட்டேன்.

எங்கள் துணி குடோனில் ஒரு பூனை இருந்தது. எலி துணி ரோலைக் கடிக்காமல் இருக்க அதை விட்டு வைத்திருந்தார்கள். என் சாப்பாட்டில் பாதி அதற்குத்தான். ஒரு நாள் மத்தியானம் கட்டிங் மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணி அடுக்குக்குள் அது போய்ப் படுத்துக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் பார்க்காமல் மெஷினைத் தள்ளிவிட்டார். பின்னந்தொடை கிழிந்து, துணியெல்லாம் ரத்தம். ஒரு பனியன் கம்பெனிக்காரி என்ன செய்வாளோ அதைத்தான் நான் செய்தேன். விரலில் ஊசி குத்தி ரத்தம் பட்ட துணியை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும், காய்ந்தால் போகாது. பூனையின் காலை வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டி ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, கறைபட்ட துணிகளை உருவிக் குழாயடிக்கு ஓடினேன். சோப்புப் போட்டு அலசி, பிழிந்து, மறைவாகக் காயப்போட்டேன். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குப் பிறகுதான் மேனேஜரிடம் போய்ப் பூனைக்குக் காலில் அடி என்றேன். நல்ல மனுஷன், தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். "உள்ள ஒரு ரத்த நரம்பு அறுந்திருக்கு, மயக்கம் கொடுத்துத்தான் தைக்கணும். ரத்தம் எவ்வளவு போச்சும்மா?" என்று கேட்டார். பக்கத்து பெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு ஷிப்மெண்டுக்குப் போகவேண்டிய துணியை அவருக்குத் தெரியாமல் அலசிப் போட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து, "கொஞ்சந்தானுங்க" என்று வந்துவிட்டது. டாக்டரம்மா பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "லேசா வெளுத்த மாதிரி இருக்கே?" என்றார். "அதுக்கு எப்பவும் அப்படித்தானுங்க" என்றேன். பூனையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சீறியது. அந்தச் சீறலை நம்பித்தான் அவர் ஊசியை நிரப்பினார்.

அன்று அவருடைய உதவியாள் லீவு. பூனையின் நெஞ்சில் கையை வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க." என் மடியில் இருந்த சீட்டை எடுத்து கம்பெனியில் பீஸ் எண்ணுவது போலக் கோடு போட ஆரம்பித்தேன். முதல் வரி பன்னிரண்டு, சரியாக ஒரு டஜன். அடுத்து ஒன்பது. அதற்கடுத்து ஐந்து. என் உள்ளங்கைக்குக் கீழே படபடவென்று ஓடிய நெஞ்சு, நூல் அறுந்த மெஷின் மாதிரி சும்மா அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் தையலை நிறுத்திவிட்டு உதட்டைத் தூக்கினார். ப்ளீச்சிங் முடிந்து வந்த துணி போல ஈறு வெள்ளையாக இருந்தது.

"இப்பம் சொல்லுங்க. எவ்வளவு போச்சு?"

மேனேஜர் எழுந்து வந்து நின்றார். "மூணு வாளித் தண்ணி மாத்துனேனுங்க. மூணும் செவப்பாயிருச்சு. ஆறு துணி" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஒரு கையால் குளுக்கோஸ் குழாயைத் திறந்தார், இன்னொரு கையால் ஆக்சிஜனை அதன் முகத்தில் பிடித்தார். சுடுதண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அண்டைகொடுக்கச் சொன்னார். கை வேலைசெய்ய, வாய் மெதுவாகச் சொன்னது. "இத்தனூண்டு உடம்புக்கு மொத்தமே ஒரு டம்ளர் ரத்தம்தாம்மா. அதுல பாதி போனா, நரம்பையெல்லாம் இறுக்கிப் பிடிச்சு, நெஞ்சை வேகமா ஓட்டி, அது தாக்குப் பிடிச்சுக்கிட்டிருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். மயக்க மருந்து அந்தப் பிடியை விடவச்சிரும். மூச்சையும் அமத்திரும். தெரிஞ்சிருந்தா முதல்ல தண்ணி ஏத்திட்டு, மருந்தைக் குறைச்சிருப்பேன்." எலாஸ்டிக் அறுந்த டவுசரை இடுப்பில் இழுத்துப் பிடித்தபடி ஓடுகிறவனின் கையைத் தட்டிவிட்டது போல என்று எனக்குப் புரிந்தது. தட்டிவிட்டது நான்.

மேனேஜர் கதவோரம் நின்று, "ஆறு துணி அலசியிருக்கீங்க, எனக்கே தெரியலீங்களேக்கா" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "அந்தத் துணி லாட்டப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாங்க. நீங்க எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். முள் அரைச் சுற்று போனது. கைக்குக் கீழே ஒன்றுமே ஏறி இறங்கவில்லை. அப்போது எனக்குள் ஓடியதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்கு எண்ணிக்கை குறைந்தால், அடுத்த மணியில் ஈடுகட்டிவிடலாம் என்று இரண்டு கோட்டை முன்கூட்டியே போட்டுவைப்பது என் வழக்கம். அதில் தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றும் பென்சில் தானாகச் சீட்டில் இறங்கியது. இரண்டு போட்டுவிடலாம், அடுத்த வரியில் மூச்சு வந்தால் கழித்துக்கொள்ளலாம் என்று கை சொன்னது. ஒன்றுமில்லை என்று சொன்னால், நான்தான் கொன்றேன் என்று சொல்வது போல இருந்தது. மறுபடி தையலில் குனிந்திருந்த டாக்டரம்மா தலை நிமிராமலே, "எத்தனை?" என்றார்.

"வரலீங்க" என்றேன்.

டாக்டரம்மா தையலை விட்டார். சின்னக் குழாய் ஒன்றைத் தொண்டைக்குள் இறக்கி, அதில் ரப்பர்ப் பையை மாட்டி, அழுத்தி விட்டு அழுத்தி விட்டு அவரே அதற்கு மூச்சுக் கொடுத்தார். எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது, அத்தனை நேரமும் நான் கோடு போடவில்லை. பிறகு பையை அழுத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அதுவாக ஒன்று இழுத்தது. வெற்று வரிக்கு அடுத்த வரியில் ஒரே ஒரு கோடு இருக்கிறதே, அதுதான் அது. அப்புறம் மூன்று. அப்புறம் ஏழு. சாயந்திரம் பூனை கண்ணைத் திறந்து என் விரலைக் கடித்தது. காலைச் சற்று இழுத்துக்கொண்டு நான்கு வருடம் குடோனில் எலி பிடித்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா என் சீட்டை வாங்கிப் பார்த்தார். வெற்று வரியின் மேல் விரலை வைத்து, "இதை நீங்க மூணுன்னு சொல்லியிருந்தா, நான் தையலைத்தான் பாத்துக்கிட்டிருந்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். சில வருடங்களில் ஊரோடு போய்விட்டார். எங்கே இருக்கிறாரென்று தெரியாது. அவர் பாராட்டினாரா, குத்திக்காட்டினாரா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆயிரம் பேர் கறைக்கு அம்பு ஒட்டியவள் நான். எனக்கு ஒட்டியவர் அவர் ஒருவர்தான்.

மருமகள் படிவத்தைப் படித்துக்கொண்டே போகிறாள். சர்க்கரை, பிரஷர், பழைய ஆப்பரேஷன். எனக்கு நடையை நிறுத்த முடியவில்லை. "உடம்புல இருந்து எங்கியாச்சும் ரத்தம் போகுதான்னு ஒன்னு கேட்டிருக்குதுங்க அத்தை. இல்லைன்னு போட்டுறட்டுங்களா?"

சீட்டு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போடாத கண்ணு" என்றேன். "ரெண்டு மாசமாப் போகுது."