கேலி செய்ய நீங்கள் மச்சானா?

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்த வருஷம்தான் தேயிலை மேடு சரிந்து என்னை இடுப்பு வரை மூடியது. மண்வெட்டியோடு முதலில் ஓடிவந்தவள் என் மனைவியின் தங்கை அஞ்சலை. "வேலைக்குப் போகாம இங்கதான் ஒளிஞ்சிருக்கீங்களா அத்தான்?" என்று கேட்டுக்கொண்டே தோண்டினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று அவளும் நானும் தானா ராத்தா ஊருக்குப் போகும் பஸ்ஸில் போனோம். முன்சீட்டுக் காய்கறிக்கடைக்காரர் போனைப் பார்த்துச் சிரித்தார். போன வாரம் மண்சரிவில் செத்தவரைப் பற்றிய செய்திக்குக் கீழே யாரோ கேலி செய்து எழுதியிருந்தார்களாம். செத்தவரின் மகள் தினமும் அடுத்த நிறுத்தத்தில்தான் ஏறுவாள்.

எங்களுக்குப் படிக்கத் தெரியாது. "சத்தமா படிங்க லா தம்பி," என்றாள் அஞ்சலை.

"அடக்கச் செலவு மிச்சம்னு போட்டிருக்கான்மா."

"எழுதினவன் செத்தவருக்கு மச்சானா?"

"இல்லம்மா, எங்கேயோ டவுன்காரன்."

"தோண்டவாவது வந்தானா?"

"இல்ல. நான் சும்மா லைக்குதான் போட்டேன்."

"அப்ப நீங்க மச்சானா?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு லைக்கை எடுத்தார். அந்தப் பெண் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்.

நான் செத்தாலும் செய்திக்குக் கீழே கேலி எழுதுவீர்கள், தெரியும். எழுதுமுன் என்ன உறவு என்று சொல்லிவிடுங்கள். என்னைக் கேலி செய்யும் முறையுள்ளவர்களில் இன்று உயிரோடு இருப்பது அஞ்சலை ஒருத்திதான்.