செம்மநத்தம் பக்கம் ஒரு சோயா எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர்

போன ஐப்பசியில் ஏற்காடு போனேன். படகு விடவோ படம் பிடிக்கவோ அல்ல. செம்மநத்தம் பக்கத்துக் காபி எஸ்டேட் ஒன்றில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க. அதற்குள் இருப்பது வழக்கமான பெட்ரோலிய எண்ணெய் அல்ல, சோயா எண்ணெய்.

அதை நிறுவிய இடத்தில் இன்ஜினியராக இருந்தபோது, அங்கே அந்த எண்ணெய்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பெட்ரோலிய எண்ணெய் கசிந்தால் வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தாவர எண்ணெய் சீக்கிரம் மட்கிவிடும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யாது. திறப்பு விழாவில் இதற்காகச் சால்வை வாங்கியவர் என் மேலதிகாரி. போட்டோவில் என் முழங்கைகூட இல்லை. பிறகு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அவர் ஓய்வு பெற்று, டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்புக் காண்ட்ராக்ட் எடுக்கிறார்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்டெல்லா போன் செய்தார். எண்ணெயில் ஈரம் ஏறிவிட்டது, வடித்துவிட்டுப் பெட்ரோலிய எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சால்வைக்காரர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை பேரல்கள் வருகின்றனவாம். "மாத்திப்போட்டா நாளைக்கு அந்த ஊத்துத் தண்ணிய எப்படீங்க சார் நம்பிக் குடிக்கறது? எங்க ஊட்டுலயும் அதே தண்ணிதானுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை சேலத்திலிருந்து காரில் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் அறை வாடகை 1,400 ரூபாய். வெந்நீர் உண்டு என்றார்கள். கிடையாது. சேர்வராயன் கோயிலைப் பற்றிக் கேட்பவர்கள் வேறு யாரிடமாவது கேளுங்கள், நான் போகவில்லை.

காலையில் எஸ்டேட்டுக்குப் போனபோது பேரல் லாரி எனக்கு முன்பே வந்து நின்றது. ஒரே மூடுபனி. பனியில் எண்ணெய் மாதிரி எடுத்தால் காற்றின் ஈரமும் பாட்டிலுக்குள் போய்விடும் என்பதால் காத்திருந்தோம். மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரியில் வந்த பழனிக்குத்தான் பொழுது போனது.

"ஏனுங்க, சோயா எண்ணெய்ங்கறீங்க. இதுல வடை சுடலாமுங்களா?"

"மொத வடை உனக்குத்தான்" என்றேன்.

"அவன் திங்க மாட்டானுங்க சார். பொண்டாட்டிக்குக் குடுத்துட்டு ஓரமா நின்னு பாப்பான்" என்றார் ஸ்டெல்லா. மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

பனி விலகியதும் மாதிரி எடுத்தேன். குமிழிகள் அடங்கிய பிறகு, நான் கொண்டுபோயிருந்த சோதனைப் பெட்டியில் ஊற்றி, மின்னழுத்தத்தை ஏற்றினேன். எவ்வளவு ஏற்றினால் எண்ணெய்க்குள் பொறி பாய்கிறது என்பதுதான் சோதனை. ஆறு தடவையும் ஐம்பது கிலோவோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் பாய்ந்தது. எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரம் இருந்தது உண்மை. ஆனால் பெட்ரோலிய எண்ணெயைக் கெடுக்கும் அளவு ஈரத்தைத் தாவர எண்ணெய் அலட்டிக்கொள்ளாமல் கரைத்து வைத்துக்கொள்ளும். இதற்கான அளவுகோலே வேறு. சால்வைக்காரர் பழைய அளவுகோலை வைத்து இதை அளந்திருக்கிறார். சால்வை போர்த்தியவர்கள் இதையெல்லாம் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேனேஜர் அவருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் வந்தார். "வெளியாள் பேச்சைக் கேட்டா அவரு பொறுப்பில்லைங்கறாருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?"

எந்தப் பதவியிலும் இல்லாதவனுக்கு இது தேவையில்லாத வேலை. சரியாகச் செய்ததற்கே ஒருமுறை நன்றாக அனுபவித்தவன் நான். கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஸ்டெல்லா சரிவுக்குக் கீழே ஊற்றில் இரண்டு பெண்கள் குடம் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார்.

எண்ணெய் நல்ல நிலையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே வந்து சோதிப்பேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, பேரல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

இதே பக்கம் போகிறவர்களுக்கு: செம்மநத்தம் பாதை குறுகல், பெரிய வண்டி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் காலை வேலை எதையும் பத்து மணிக்கு முன் நம்பி வைக்காதீர்கள். இறங்குவதற்குக் குப்பனூர் வழி நல்லது, கூட்டம் குறைவு. ஆனால் முன்னால் சுமை லாரி போனால் முந்த இடம் கிடைக்காது. எனக்கு முன்னால் அந்தப் பேரல் லாரிதான் போனது, பேரல்கள் நிறைந்தபடியே. குப்பனூர் வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். ஒருமுறைகூட ஹார்ன் அடிக்கவில்லை.