நம்ம வீட்டு சப்-ஊஃபர்

கல்யாணமான சூட்டோடு தம்பி ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். கம்பெனிக்குப் பக்கமாம். மர்பி டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அத்தனை வருஷம் போய்வந்தவனுக்கு, தாலி கட்டியதும் தூரம் கூடிவிட்டது. அம்மா அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். கம்ப்யூட்டரைக் கொண்டுபோனவன் ஸ்பீக்கர் செட்டை மட்டும் விட்டுவிட்டான். அதன் சப்-ஊஃபர் பெட்டி பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும் உறுமிக்கொண்டே இருக்கும். உதவாதது இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கட்டும் என்று நினைத்தான் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது தம்பி மனைவி அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான் ஃபேக்டரில சால்டரிங் பண்றீங்களே. இத ரெடி பண்ணிடுங்க. நம்ம வீட்டு ஹாலுக்கு சக்கத்தா, சூப்பரா இருக்கும்."

எங்க வீடு என்று சொல்லவில்லை. நம்ம வீடு என்றாள், என்னையும் சேர்த்து. இங்கேயே திரும்பி வரப் பார்க்கிறார்கள், நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு ஜாடையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆசை பிடித்த காதுக்கு எதுவும் கேட்கும்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே தூசி, கரப்பான் முட்டை. போர்டில் இருந்த பெரிய கெபாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. கரண்டைச் சீராக்கித் தருவது அவைதான். அவை போனால் உறுமல்தான் மிஞ்சும். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அதே அளவில் வாங்கி வந்து, பழையதை ஈயம் உருக்கி எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்துப் பற்றவைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் மூச்சே இல்லை. செத்துவிட்டதோ என்று பயந்து, டேப்ரெக்கார்டரை அதோடு இணைத்துப் பாட்டு போட்டேன். காலடியில் தரை அதிர்ந்தது. தனியாக நின்று சிரித்தேன்.

அந்த வாரமே அவர்களுக்காக முன் ரூமைக் காலி செய்தேன். என் கட்டில் சமையலறைக்குப் போனது.

அடுத்த ஞாயிறு ஆட்டோவில் வந்தார்கள். சாமான் இறங்கும் என்று வாசலில் நின்றேன். ஒன்றும் இறங்கவில்லை. தம்பி உள்ளே போய் சப்-ஊஃபரைத் தூக்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ்க்கா. ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க, பாட்டு கேக்கலாம்," என்றாள் அவள்.

நம்ம வீட்டுக்கு யாராவது நம்மையே அழைப்பார்களா? அப்போதுதான் உறைத்தது. அவள் கன்னட ஸ்கூலில் படித்து, கன்னடக்காரர்கள் தெருவில் வளர்ந்தவள். கன்னடத்தில் எங்களுடையதும் 'நம்ம'தான், நம் எல்லோருடையதும் 'நம்ம'தான். அவள்மேல் தப்பில்லை. எனக்கும் கன்னடம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

தம்பி வெறும் ரூமை எட்டிப் பார்த்தான். ஏன் காலி செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

"நல்லதாப் போச்சுக்கா. இத வாடகைக்கு விட்டுடு. உனக்கும் ஒரு தொணையாச்சு."

ஓங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். அவன் மறந்துவிட்டுப் போன ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஆட்டோ கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் கொடுத்தேன்.