லயத்து வாசலில் நான் வென்ற வாதம்

வாசிப்பவரே, உங்களை நடுவராக அமர்த்தும் துணிவு எனக்கு இல்லை. சாட்சியாக இருங்கள், அது போதும்.

மாத்தளையில் எங்கள் பாடசாலை விவாத அணிக்கு நானே தலைவன். இரண்டாம் பேச்சாளன் என் நண்பன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமொன்றிலிருந்து வருகிறவன். மேசைக்குப் பின்னால் நின்று, நேரம் மறந்து நான் முழங்கும்போது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவன் என் காலை மிதிப்பான். மணி அடிக்குமுன் முடித்துவிடுவேன்.

இறுதிப் போட்டிக்கு முந்திய வாரம் அவனுக்குத் தொண்டை நொந்தது. மறுநாளே சிறுநீரின் நிறம் மாறியது.

“பால் ஊத்தாத சாயத்தண்ணி மாதிரி போகுது மச்சான்” என்று என்னிடம் சொன்னான்.

முன்பொரு தொண்டைநோவின்போதும் அப்படித்தான் போனதாம். கத்திப் பழகும் எங்களுக்கு எல்லா உபாதைக்கும் ஒரே பெயர்தான்: சூடு. செவ்விளநீர் குடிக்கச் சொன்னேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். போகவேண்டிய நாள், போட்டி நாள். அவன் அம்மா வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். நான் லயத்து வாசலில் நின்று வாதிட்டேன். யுத்த காலம், போன மாதம் குண்டு வெடித்ததிலிருந்து கண்டி வீதியில் இராணுவச் சோதனைக் கெடுபிடி. தமிழ்ப் பையனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனால் யார் பொறுப்பு. போட்டி முடியட்டும், நிலைமையும் தணியட்டும். படிப்படியாகக் குரலை ஏற்றினேன். அந்த அம்மா மகனைப் பார்த்தார், பிறகு என்னை.

“படிச்ச புள்ள சொல்றீங்க தம்பி. பொறகு போவோம்” என்றார்.

கோப்பையை வென்றோம். அதற்குள் சிறுநீரும் தெளிந்துவிட்டது. கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் போனது.

அடுத்த ஆண்டு முகமும் காலும் வீங்கிய பிறகுதான் கண்டிக்குப் போனான். நானும் கூடப் போனேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொண்டையைக் காக்கவென்று உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி என்ற நோயெதிர்ப்புப் புரதம், அவனுக்கு அதன்மேல் இருக்கவேண்டிய சர்க்கரைத் துணுக்கொன்று இல்லாமல் உருவாகிறதாம். உடலின் வேறு பிறபொருளெதிரிகள் அதை அந்நியனென எண்ணிப் பற்றிக்கொள்கின்றன. அந்தத் திரள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைப் புண்ணாக்குகிறது. தொண்டை நொந்த ஒவ்வொரு முறையும் போனது இரத்தம். நிறம் தெளிந்த நாட்களிலும் உள்ளே நோய் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். பிரஷரையாவது அடக்கி நாட்களைக் கூட்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அவன்தான் சிரித்தான். “மூஞ்சத் தொங்கப்போடாதடா. என் ஒடம்புக்குள்ளேயே ரெண்டு அணி மோதுது. நடுவர்தான் இல்ல.”

சிறுநீரகம் இரண்டும் நின்று, அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டான்.

இப்போதும் மேடையில் நேரம் கடக்கும்போது என் இடது கால் தானாக அவன் பக்கம் நகர்கிறது. பக்கத்தில் வேறொருவன் அமர்ந்திருக்கிறான். நல்ல பேச்சாளன்தான், மிதிக்கத் தெரியாதவன். மணி அடித்த பிறகும் சில வேளை பேசிக்கொண்டே நிற்கிறேன், அந்த ஒரு மிதிக்காக.

கருமாதியன்று, அதே லயத்து வாசலில், உறவினர் எல்லோரும் கேட்க அவன் அம்மாவிடம் சொன்னேன்:

“அம்மா, ஒடம்புக்கு முடியலன்னு இனிமே யாரு சொன்னாலும் நான் வாதாட மாட்டேன். எத்தன செக்பொயின்ட் இருந்தாலும் அவுங்க கூடவே பஸ் ஏறிப் போவேன்.”