மூன்றாம் முறை நீட்டிய கை

குருவிநத்தத்தில் என் நெல்லில் குலைநோய்ப் பூஞ்சணம் விழுந்தபோது மருந்தடிக்கக் கூலிக்கு வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு. தெளிப்பானின் வார் அழுத்தி இரண்டு தோளும் காய்த்துப்போயிருந்தன. மதியம் பம்புசெட்டில் சோப்புப் போட்டுக் கைகழுவியவர், சோற்றுத் தூக்கைத் திறக்குமுன் விரல்களை என் மூக்கருகே நீட்டினார்.

"மருந்து வாசம் வருதா பாருபா. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. வூட்ல பொண்டாட்டிதான் மோந்து சொல்லும்."

வந்தது. சொன்னேன். மறுபடி கழுவினார், அப்போதும் வந்தது. மூன்றாம் முறை நீட்டியபோது மழைக்கு வானம் கருத்திருந்தது. பாதி வயல் பாக்கி. வாசம் போகவில்லை.

"இல்லண்ணே, சீக்கிரம் சாப்பிடுங்க" என்றேன்.

நம்பிச் சாப்பிட்டார்.

பயிர் தப்பியது. அந்த அரிசிச் சோற்றில் கைவைக்குமுன் ஒவ்வொரு நாளும் என் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.