படியடியில் நின்ற ஆள்

சாலிஹ் ஏரோப்ளேன் ஓட்டுகிறான் என்றுதான் சாய்ந்தமருதில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனைவியின் தாய், மாமி சபியா உம்மா பரப்பிய கதை அது. திருத்தப்போனால் மாமியின் முகம் வாடிவிடும் என்று அவனும் பேசாமல் விட்டுவிட்டான். உண்மையில், வளைகுடா விமான நிலையம் ஒன்றில் வந்து நிற்கும் விமானங்களின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் எடுப்பதும்தான் பதினொரு வருடமாக அவன் வேலை. வெயில் ஐம்பதைத் தொட்டாலும் கட்டை வைக்கத்தான் வேண்டும்.

மருதமுனையில் பிறந்தவன், கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு, மனைவி ஆகிலாவின் வீட்டுக்கு வந்தான். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிக்கிற ஊர் வழக்கப்படி மகள் நிஹ்லாவுக்கும் ஒரு வீடு எழும்பியாக வேண்டும். அவளுக்கு ஒன்பது வயதுதான். ஆனால் வீடு என்ன, ஒரே மழையில் முளைக்கிற காளானா? அதனால், காசை மிச்சம் பிடிக்க, கிடைத்த லீவுக்கும் அவன் ஊருக்குப் போகவில்லை. மூன்று வருடமாக ஆகிலாவை உள்ளங்கையளவு கண்ணாடிக்குள்தான் பார்க்கிறான். பார்க்கலாம், கதைக்கலாம், பக்கத்தில் போய் நிற்க முடியாது. அந்த ஏக்கம் அவனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் விடவில்லை.

இந்த நிலையில்தான் ஆகிலாவும் மாமியும் மக்காவுக்கு உம்றா யாத்திரை புறப்பட்டார்கள். அவனுடைய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். இரண்டரை மணித்தியாலம். பயணிகள் இருக்கும் கட்டிடத்துக்குள் அவனுக்கு அனுமதி கிடையாது. ஆனால் அவர்கள் வரும் விமானம் கட்டிடத்தில் ஒட்டாமல் தூரத்தில்தான் நிற்கும். படியால் இறங்கி பஸ்ஸில் ஏறுவார்கள். சாலிஹ் நாலு பேரின் காலைப் பிடித்து வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான்.

"படியடியில நிப்பன். இறங்கக்குள்ள என்னப் பாரு" என்று சொல்லியிருந்தான்.

"வேற என்னத்தப் பாக்கப்போறன்?" என்றாள் அவள்.

விமானம் வந்து நின்றது. கட்டையை வைத்தான். படியைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கல்முனைப் பக்கத்து உம்றாக் கூட்டம் இறங்கத் தொடங்கியது. பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே இளம்பச்சை முக்காடு. காணாமல் போகக் கூடாதென்று ஏற்பாட்டாளர் கொடுத்தது. அவருடைய இன்னொரு கட்டளை, ஒராளும் தனியே பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது. ஆகவே இறங்கிய முப்பது பேரும், கதவு திறந்திருந்த பஸ்ஸை விட்டுவிட்டு வெட்டவெளியில் கூடிநின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பஸ் சாரதி கத்திப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

அவர்கள் காத்துநின்றது சபியா உம்மாவுக்காக. அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாங்கிப் பிடித்தபடி, படியையே பார்த்துக்கொண்டு ஆகிலா. மெலிந்திருந்தாள். போனில் அது தெரிந்ததேயில்லை.

அப்போது பக்கத்து இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு நின்ற பெரிய விமானத்தின் இரைச்சல் கூடியது.

புதிதாக வருகிறவர்கள் விமானத்தின் முன்பக்கத்துக்குப் பயப்படுவார்கள். பழையவர்கள் பின்பக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள். நின்றுவிட்ட விமானத்தை மறுபடி அசைக்க எஞ்சினை முடுக்க வேண்டும். அந்த நேரம் பின்னால் பாயும் சூட்டுக்காற்று ஆளைத் தூக்கி அடிக்கும். வெற்றுச் சாமான் பெட்டியொன்று அப்படி உருண்டு ஓடியதை அவனே கண்டிருக்கிறான். இந்த விமானம் திரும்பும்போது அதன் வால் நேராக இந்தப் படியைத்தான் பார்க்கும்.

சாலிஹ் ஓடினான். இரண்டு கையையும் விரித்து முப்பது பேரையும் பஸ்ஸின் மறுபக்கத்துக்குத் துரத்தினான். திரும்பிப் படியில் ஏறினான். ஆகிலாவுக்கு இரண்டு படி கீழே நின்று, "உள்ள போ! உள்ள போ!" என்று கத்தினான். இரைச்சலில் அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி, செவியில் மூடி, மூக்குவரை கட்டிய துணி. யாரோ ஒரு முரட்டுக் கூலியாளைப் பார்க்கிற பார்வைதான் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தாயை இழுத்து ஏறினாள். விமானப் பணிப்பெண் இருவரையும் உள்ளே வாங்கிக்கொண்டாள்.

காற்று வந்தது. மணலும் எண்ணெய்ப் புகையும் நெருப்புச் சூடுமாக வந்தது. படி கிடுகிடுத்தது. சாலிஹ் இரும்புப் படியில் முழங்கால் மோத விழுந்து, கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் வந்து, நடந்ததைச் சொல்லென்று அவனை வாகனத்தில் ஏற்றிப் போய்விட்டார். பஸ் தாண்டிப் போகும்போது ஜன்னலோரம் ஆகிலாவைக் கண்டான். அவள் விமானத்தடியில் நின்ற ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் போன் வந்தது.

"எங்க நிண்டீங்க? எல்லார்ர முகத்தையும் பாத்தன். காணல்லயே."

சொன்னால் உடைந்துபோவாள். பக்கத்தில் நின்ற புருஷனை அறியாமல் போனேனே என்று மக்கா வரைக்கும் அழுதுகொண்டு போவாள்.

"கடைசி நேரத்தில வேற பக்கம் போட்டுட்டாங்க, ஆகிலா."

பிறகு, "இஞ்ச ஒரு ஆள் ஆடு துரத்துற மாதிரி எங்களத் துரத்தினான். எனக்கு வந்த கோவம்! பொறகுதான் அந்தக் காத்து அடிச்சிச்சி. கதவால பாத்தன், முழங்கால் அடிபட விழுந்து கிடந்தான், பாவம். உம்மா இன்னும் அவனுக்கு துஆ கேட்டுக்கிட்டு இரிக்கிறா" என்றாள்.

"ஓம், அப்பிடித்தான் காத்து அடிக்கும்."

"அவனக் கண்டா என்ட ஸலாத்தச் சொல்லுங்க."

ஸலாத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன், சொல்கிறேன் என்பான். வாங்கிக்கொள்கிறவன்தான் பதில் ஸலாம் சொல்வான். குர்ஆன் ஓதப் போன வயதிலிருந்து நாக்கில் ஊறிய பழக்கம். சாலிஹ் யோசிக்கவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றான்.

அந்தப் பக்கம் விமானம் ஏற அழைக்கும் அறிவிப்பு மட்டும் தூரத்தில் கேட்டது.

"முழங்கால் கனக்க நோகுதா?" என்று கேட்டாள் ஆகிலா.