பன்னிரண்டு கேஜுக்குள் இருபது

தோட்டாக் கடையில் கை நடுங்காமல் வேலை பார்க்க ஒரே வழி, கடை கடலுக்கு அப்பால் இருப்பதுதான் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எந்தப் பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, எந்தத் தோட்டா என்று கடையின் இணையதளத்தில் கேட்பார்கள். ரங்கூன் லத்தா பேட்டையில் மாடி வீட்டில் உட்கார்ந்து நான் தட்டச்சில் பதில் சொல்வேன். முகம் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

வழவழப்பா, வரியா?

பேரலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் வரிபோட்ட ஈயத் தோட்டா. உட்புறமே வரியோடியிருந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் தோட்டா. இதை மனப்பாடம் செய்ய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன் நிறையத் தோட்டாப் படங்கள்தான். ஒருவர் எது மானை ஒரே அடியில் சாய்க்கும் என்று கேட்டார். இரண்டு மூன்று வகை வாங்கிக் குறிபலகையில் சுட்டுப் பாருங்கள், உங்கள் பேரலுக்கு எது ஒத்துப்போகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விடவில்லை. “சரி, நீங்கள் எதை வைத்துச் சுடுவீர்கள்?”

கரண்ட் போனது

இங்கே காலை, அங்கே மாலை. புதுப் பேரல் வாங்கிய ஒருவர், விடிந்தால் வேட்டை என்றார். போகிற போக்கில், மகளின் இருபது கேஜ் தோட்டாவும் தன்னுடைய பன்னிரண்டு கேஜ் தோட்டாவும் ஒரே பையில் கிடப்பதாகவும் எழுதினார்.

உடனே எச்சரிக்கை எழுத ஆரம்பித்தேன். கேஜ் என்பது குழலின் அகலத்துக்கான அளவு; எண் பெரிதானாலும் இருபதுதான் சின்னது. அது பன்னிரண்டு கேஜ் பேரலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் பேரல் வெடித்துவிடும். இதை எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போய், இணைப்பும் போனது. கூட வேலை பார்க்கும் மா கின்னை அழைத்தால் லைன் கிடைக்கவில்லை. அவள் வீடு ஆற்றுப் பாலம் தாண்டித் தன்லியினில். அங்கே சோலார் உண்டு. கிளம்பிய என்னை என் வீட்டுக்காரர் மறித்தார். “விடு புள்ள, யாரோ எவரோ. உசுரு போற காரியமா?”

பாலம்

உசுரு போகிற காரியம்தான். பஸ் ஏறிய பிறகுதான் என் உசுரும் நினைவுக்கு வந்தது. பாலத்துச் சோதனைச் சாவடியில் ராணுவத்தார் போனை வாங்கிப் பார்ப்பார்கள்; தோட்டாப் படம் கண்ணில் பட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். பாலம் நெருங்க நெருங்கப் பதற்றம் தாங்காமல், மகனின் பிறந்தநாள் படம் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். சோதனைக்கு ஏறியவர் வயதில் சின்னவர், மரியாதையானவர். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “ஒரு படங்கூட இல்லையே அக்கா. எப்ப அழிச்சீங்க?”

பதில்

போன் ரிப்பேராகி இப்போதுதான் வந்தது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நம்பினாரோ, பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தாரோ, திருப்பிக் கொடுத்துவிட்டார். மா கின் வீட்டில் இணைப்புக் கிடைத்ததும் எழுதினேன்: பையைக் கொட்டிப் பிரித்து வையுங்கள், பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பதில் இல்லை. தூங்கியிருப்பார் என்று மா கின் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போன பிறகு அவர் எழுதினார். “பிரித்துவிட்டேன், பேரலும் காலிதான். நீங்கள் ரொம்பப் பயப்படுகிறீர்கள், அம்மணி.”

பயப்படாதவர்களுக்கும் சேர்த்துப் பயப்படுவதுதான் இந்த வேலை என்று சேரும்போதே யாராவது சொல்லியிருந்தால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பேன்.